முதல் வீட்டுக்குக் கடன்: நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

நடுத்தரக் குடும்பம் ஒன்று தன் வாழ்நாளில் ஏற்கும் கடன்களில் மிகப் பெரியது பெரும்பாலும் வீட்டுக் கடனே ஆகும். இருபது ஆண்டுகள் வரை நீடிக்கும் இக்கடனுக்குரிய நிறுவனத்தை, விளம்பரத்தில் காணும் தொடக்க வட்டியை மட்டும் கொண்டு தேர்ந்தெடுத்தல் போதாது. அவ்வட்டி பின்னர் எந்த விதியின்படி மாறும் என்பதே முதலில் ஆராயத்தக்கது.

இருவகை நிறுவனங்கள்

நம் நாட்டில் வீட்டுக் கடன் வழங்குவோருள் வங்கிகளும் வீட்டு வசதி நிதி நிறுவனங்களும் முதன்மையானவை. 2019 ஆகஸ்டு முதல் இவ்விருவகையினரையும் ஒழுங்குபடுத்தும் பொறுப்பு ரிசர்வ் வங்கியிடம் உள்ளது. எனினும், வட்டியை மாற்றும் முறையில் இவற்றிடையே வேறுபாடு உண்டு.

2019 அக்டோபர் 1 முதல், மாறும் வட்டியில் தனிநபர்களுக்கு வழங்கும் புதிய வீட்டுக் கடன்களை வங்கிகள் ஒரு புற அளவுகோலுடன் இணைத்தல் வேண்டும். பெரும்பாலான வங்கிகள் ரெப்போ வட்டியையே அளவுகோலாகக் கொண்டுள்ளன. மூன்று மாதங்களுக்கு ஒரு முறையேனும் வட்டி திருத்தப்பட வேண்டும். நிதி நிறுவனங்களுக்கு இக்கட்டாயம் இல்லை. தாமே நிர்ணயிக்கும் அடிப்படை வட்டியை அவை பின்பற்றலாம். ஆகவே, ரெப்போ வட்டி குறையும்போது வங்கிக் கடனாளிக்குப் பலன் விரைவில் கிட்டும். உயரும்போது சுமையும் விரைவில் சேரும். ஆனால், முறையான வருமானச் சான்று இல்லாத சிறு வணிகர் போன்றோருக்குப் பல வேளைகளில் நிதி நிறுவனங்களே கடன் வழங்க முன்வருகின்றன.

ஒரு கணக்கு

ரூ. 20 இலட்சம் கடனை 8.5 சதவிகித வட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பெற்றால், மாதத் தவணை சுமார் ரூ. 17,356. வட்டி 9 சதவிகிதமாயின் தவணை ரூ. 17,995 ஆகும். அரை சதவிகித வேறுபாட்டால் மொத்தத்தில் ஏறத்தாழ ரூ. 1.53 இலட்சம் கூடுகிறது.

கடன் பெற்ற உடனேயே வட்டி 8.5-இலிருந்து 9.5 சதவிகிதமாக உயர்ந்து, தவணைத் தொகை மட்டும் மாற்றப்படாவிட்டால், 240 மாதங்களில் தீர வேண்டிய கடன் தீர 309 மாதங்கள் ஆகும். 2022 மே மாதத்திற்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையே ரெப்போ வட்டி 4 சதவிகிதத்திலிருந்து 6.5 சதவிகிதமாக உயர்ந்தபோது, கடனாளிகள் பலருடைய கடன் காலம் இவ்வாறே நீண்டது. இதனையடுத்து 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி புதிய விதிகளை வெளியிட்டது. தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் ஓரளவு ஏற்பதா என்பதைத் தெரிவு செய்யும் வாய்ப்பைக் கடனாளிக்கு அளித்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

ஒப்பிட வேண்டியவை

2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை வழங்கப்பட வேண்டும். செயலாக்கக் கட்டணம் முதலியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டுச் செலவு விகிதம் அதில் இடம்பெறும். இரண்டு மூன்று நிறுவனங்களின் அறிக்கைகளைப் பெற்று இவ்விகிதத்தை ஒப்பிடுதல் நலம். பின்வருவனவற்றையும் கேட்டறிய வேண்டும்:

1. வட்டி எந்த அளவுகோலுடன் இணைக்கப்பட்டுள்ளது? அதற்கு மேல் சேர்க்கப்படும் விகிதம் எவ்வளவு?
2. வட்டி எத்தனை மாதங்களுக்கு ஒரு முறை திருத்தப்படும்?
3. கடனை முன்னதாக அடைத்தால் கட்டணம் உண்டா? தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு வங்கிகள் இத்தகைய அபராதம் விதிப்பதை ரிசர்வ் வங்கி 2012-இல் தடை செய்தது. நிலையான வட்டிக் கடனாயின் ஒப்பந்தத்தைப் படித்தறிவது அவசியம்.
4. கடன் தீர்ந்தபின் வீட்டுப் பத்திரங்கள் எப்போது, எங்கே திருப்பித் தரப்படும்? 30 நாள்களுக்குள் தரப்பட வேண்டும் என்பது விதி.

இவ்வினாக்களுக்கு எழுத்து வடிவில் தெளிவான விடையளிக்கும் நிறுவனமே, தொடக்க வட்டி சிறிது கூடுதலாயினும், நீண்ட காலக் கடனுக்கு ஏற்றதாக அமையக்கூடும்.