சோப்பு தயார்! சீட்டு எங்கே?

தேனியில் பஸ் ஏறிக் குமுளிக்குப் போகிறவர்களுக்கு வழியெல்லாம் பசுமைதான். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊருக்கு ஊர் வயலும் தோப்பும் தொடரும். 1895-ம் ஆண்டு பெரியாற்று அணையின் தண்ணீர் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்து நிற்கும் தென்னைகள் ஏராளம்.

தென்னை இருந்தால் தேங்காய் எண்ணெய் உண்டு. எண்ணெய் இருந்தால் வீட்டிலேயே சோப்பு செய்யலாம். எண்ணெயையும், தண்ணீரில் கரைத்த காஸ்டிக் சோடாவையும் அளந்து கலந்து, அச்சில் ஊற்ற வேண்டும். மறுநாள் கட்டி கட்டியாக வெட்டி எடுத்துவிடலாம். (காஸ்டிக் சோடா பொல்லாதது. மேலே பட்டால் தோல் வெந்துவிடும். குழந்தைகளைப் பக்கத்தில் விடக்கூடாது.)

சொந்த வீட்டுக்கு என்றால் வேலை இதோடு முடிந்தது. விற்கப் போனால்தான் இருக்கிறது சங்கதி!

எடை எங்கே போயிற்று?

ஒரு குடும்பத் தலைவி 100 கிராம் கட்டிகளாக வெட்டினார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கே காகிதத்தில் சுற்றி, "100 கிராம்" என்று லேபிள் ஒட்டிக் கடைக்குக் கொடுத்துவிட்டார். ஒரு மாதம் கழித்துக் கடைக்காரர் தராசில் வைக்கிறார். 90 கிராம்தான் நிற்கிறது!

யாரும் கிள்ளி எடுக்கவில்லை. சோப்பில் இருந்த தண்ணீர் காற்றில் போய்விட்டது. ஆனால் வாங்குகிறவருக்கு அது தெரியுமா? "எடையில் ஏமாற்றுகிறார்கள்" என்றுதான் சொல்வார். பாடுபட்ட பெண்ணுக்குக் கெட்ட பெயர்.

ஆகவே வெட்டிய கட்டிகளை நிழலில், காற்றோட்டமாக, 4 முதல் 6 வாரம் வரை உலர விட வேண்டும். பிறகு நிறுத்துப் பார்த்து, நிற்கிற எடையைத்தான் போட வேண்டும்.

சட்டம் மாறிய கதை

வீட்டில் பிறந்து ஊரெல்லாம் போன சோப்பு ஒன்று உண்டு. சென்னையில் ரெயில்வே டாக்டராக இருந்த வி. பி. சித்தன், 1969-ல் மூலிகை சேர்த்துக் கையாலேயே சோப்பு செய்தார். அவருடைய மனைவியும் கூட இருந்து உழைத்தார். அதுதான் மெடிமிக்ஸ். மூலிகைகள் 18 என்பதை அட்டையிலேயே சொல்லி விற்ற சோப்பு அது.

இன்று புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு வேறு விதிகள். 1940-ம் ஆண்டின் மருந்து, அழகுப் பொருள் சட்டத்தில் "சோப்பு நீங்கலாக" என்று ஒரு வாசகம் இருந்தது. 1982-ல் திருத்தம் கொண்டுவந்து அதை எடுத்துவிட்டார்கள். அது முதல் குளியல் சோப்பும் அழகுப் பொருள்தான். விற்பனைக்குச் செய்ய லைசென்சு வேண்டும். அதைக் கொடுப்பது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை.

இதில் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சோப்பு செய்யும் இடத்தில் யாரும் குடியிருக்கக் கூடாது. அந்த இடம் குடியிருக்கும் வீட்டோடு இணைந்திருக்கவும் கூடாது. "வீட்டுச் சோப்பு" விற்க வேண்டும் என்றால் வீட்டை விட்டு வெளியே வர வேண்டியிருக்கிறது! தனியாக ஒரு பெண்ணுக்கு இது பெரும் சுமை. மகளிர் குழுவாகச் சேர்ந்து ஒரு கட்டிடத்தை வாடகைக்கு எடுத்தால் பாரம் குறையும். துணி துவைக்கும் சோப்புக்கு இந்த லைசென்சு இல்லை.

லேபிளில் என்ன?

பெயர், செய்தவரின் முழு விலாசம், சேர்ந்த பொருள்கள், நிகர எடை, செய்த மாதம், வருடம், எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி, லைசென்சு எண், வரிகள் உட்பட அதிகபட்ச விலை, குறை இருந்தால் சொல்வதற்கு டெலிபோன் எண். இவ்வளவும் வேண்டும். உள்ளங்கை அகலச் சோப்பில் இவ்வளவையும் எழுதுவது லேசான காரியம் அல்ல.

"சொறி, சிரங்கு தீரும்" என்று மட்டும் எழுதக்கூடாது. நோய் தீரும் என்றால் அது மருந்தாகிவிடும். மருந்துக்கு விதிகள் வேறு.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. எடை, விலை முதலிய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ கட்டாயம் இருக்க வேண்டும். தமிழில் மட்டும் போட்டால் செல்லாது. கூடவே தமிழிலும் போடலாம், தடை இல்லை. கம்பம் சந்தையில் சோப்பு வாங்கும் பாட்டி எந்த எழுத்தைப் படிப்பார்? இடம் போதவில்லை என்றால் பூப்படத்தைச் சின்னதாக்கிவிட்டுத் தமிழைப் போடுவதே நியாயம்.

சாரல் வந்தால்...

ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலையிலிருந்து சாரல் வீசும். கையால் செய்த சோப்பில் கிளிசரின் தங்கியிருக்கும். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். சோப்பு முத்து முத்தாக வியர்க்கும். லேபிளை நேரே சோப்பின் மேல் ஒட்டினால் நனைந்து, எழுத்து கலைந்து, தேதியே தெரியாமல் போகும்.

முதலில் எண்ணெய் ஊறாத வெண்ணெய்த் தாளில் சுற்ற வேண்டும். பிறகு அட்டைப் பெட்டி. லேபிள் அந்தப் பெட்டியின் மேல். தேதியைப் பேனா மையால் எழுதாமல், தண்ணீரில் கரையாத மையில் ரப்பர் முத்திரை குத்துவது நல்லது. மை காய்வதற்கு முன்னால் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடக் கூடாது. அடுக்கினால் ஒரு பெட்டியின் தேதி அடுத்த பெட்டியின் முதுகில் இடம் வலமாக மாறி இருக்கும்!