ஜனவரி மாதத்துக் கேரவன் பார்க்: கட்டணம், மறைசெலவு, சட்டம்

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குக் கடற்கரையில் டிசம்பர் 26 தொடங்கி ஜனவரி 26 வரை கூடாரம் அடிக்கும் புல்தரைக்குக்கூடத் தனி விலை. லேக்ஸ் என்ட்ரன்ஸ், கௌஸ், பேட்மன்ஸ் பே, போர்ட் ஸ்டீபன்ஸ் என்று நம் குடும்பங்கள் விரும்பிப் போகும் ஊர்களில், ஜூலை மாதம் 50 டாலருக்குக் கிடைக்கும் மின் இணைப்புள்ள இடம் ஜனவரியில் 100 டாலரைத் தாண்டுவது சாதாரணம். கேபின் என்றால் 300, 400 டாலர் கேட்கிறார்கள். அதுவும் ஓர் இரவு, இரண்டு இரவு என்று தரமாட்டார்கள். ஏழு இரவுகளாவது எடுக்க வேண்டும் என்பது பல இடங்களில் நிபந்தனை.

இப்படி வாங்கச் சட்டம் அனுமதிக்கிறதா என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். அனுமதிக்கிறது. தன் பொருளுக்கும் சேவைக்கும் என்ன விலை வைப்பது என்பதை வணிகரே முடிவு செய்யலாம். விலை அதிகம் என்பது மட்டும் ஆஸ்திரேலியச் சட்டத்தில் குற்றம் ஆகாது. பள்ளி விடுமுறையில் இரண்டு மடங்கு கேட்டார்கள் என்று எந்த அலுவலகத்தில் புகார் கொடுத்தாலும் இந்தப் பதில்தான் வரும். அதனால் விலையோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். விலையை எப்படிக் காட்டினார்கள், எதை மறைத்தார்கள், சொன்னதைத் தந்தார்களா, ஒப்பந்தத்தில் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்ற கேள்விகளில்தான் 2011 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் நம் பக்கம் நிற்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் இரவுக்கு 110 டாலர் என்று இணையத்தில் காட்டுகிறார்கள். ஏழு இரவுக்கு 770 டாலர். ஆனால் இந்தக் கட்டணம் பெரும்பாலும் இரண்டு பெரியவர்களுக்கு மட்டுமே. கூடுதல் குழந்தைக்கு இரவொன்றுக்கு 15 டாலர் என்று வைத்தால் இரண்டு பிள்ளைகளுக்கு 210 டாலர் ஆகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மம்மாவையும் தாத்தாவையும் விட்டுவிட்டுப் போக முடியாது. பெரியவருக்கு இரவுக்கு 25 டாலர் என்றால் இருவருக்கும் 350. மொத்தம் 1,330 டாலர். அட்டையில் கட்டுவதற்கு ஒன்றரை சதவீதம் என்றால் இன்னும் 20 டாலர் சேரும். இரண்டாவது காரை நிறுத்தவும், பகலில் பார்க்க வரும் சித்தப்பா குடும்பத்துக்கும் தனிக் கட்டணம் வாங்கும் இடங்கள் உண்டு. இருவர் மட்டும் போகும் வீடுகளுக்கு இது பெரிதாகத் தெரியாது. மூன்று தலைமுறை சேர்ந்து போகும் நம் வீடுகளின் கையைத்தான் கடிக்கிறது.

இதில் எது முறை, எது முறையல்ல? ஆள் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடுதல் கட்டணம் வாங்கலாம். அதை முன்கூட்டித் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆனால் யார் பதிவு செய்தாலும் தவிர்க்கவே முடியாத கட்டணம் எதுவோ, அது முதலில் காட்டும் விலைக்குள்ளேயே இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. வரி, கட்டாயத் துப்புரவுக் கட்டணம், கட்டாயப் பதிவுக் கட்டணம் எல்லாம் இதில் அடங்கும். முதல் பக்கத்தில் ஒரு விலை, பணம் கட்டும் பக்கத்துக்கு வரும்போது வேறொரு விலை என்று சொட்டுச் சொட்டாகக் கூட்டுவதைச் சட்டம் ஏற்பதில்லை. அட்டைக் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. அந்தப் பரிவர்த்தனைக்குத் தங்களுக்கு ஆகும் செலவுக்கு மேல் அவர்கள் வாங்கக் கூடாது. கூடுதல் கட்டணம் இல்லாமல் பணம் செலுத்த ஒரு வழியும் வைக்கவில்லை என்றால், அந்தத் தொகையையும் காட்டும் விலையிலேயே சேர்த்துவிட வேண்டும்.

இவை ஏட்டளவில் நிற்கும் விதிகள் அல்ல. ஏ.சி.சி.சி. என்று எல்லோரும் அழைக்கும் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் தொடுத்த வழக்கில், 2022 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிமன்றம் டிரிவாகோ நிறுவனத்துக்கு 4 கோடியே 47 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. மிகக் குறைந்த விலையை எடுத்துக் காட்டுவதாக மக்களை நம்பவைத்துவிட்டு, தனக்கு அதிகக் கட்டணம் தரும் பதிவுத் தளங்களின் அறைகளை அந்த நிறுவனம் முன்னிறுத்தியிருந்தது. ஏர்பிஎன்பி, அமெரிக்க டாலரில் இருந்த விலையை ஆஸ்திரேலிய டாலர் என்று பலர் எண்ணிக்கொள்ளும்படி காட்டியதற்காக, 2023 டிசம்பரில் ஒன்றரைக் கோடி டாலர் அபராதத்துக்கு ஆளானது. ஒப்பீட்டுத் தளத்தில் கண்ட விலையை அப்படியே நம்பாமல், பார்க்கின் சொந்தத் தளத்தையும் பார்த்து, ஒரு முறை தொலைபேசியிலும் கேளுங்கள். நேரடியாகப் பதிந்தால் விலை குறையலாம். ஏதேனும் தகராறு வந்தால் பேச வேண்டிய ஆளும் ஒருவராகவே இருப்பார்.

பணம் கட்டுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி ரத்து விதிகளை வாசியுங்கள். பெரும்பாலான குடும்பங்கள் பணத்தை இழப்பது இங்கேதான் என்பது என் எண்ணம். துணிக்கடையில் மாற்றிக் கொள்வதுபோல் இங்கே மனம் மாறினால் பணம் திரும்பும் என்று நினைப்பவர்கள் நிறைய. நாமாகவே இணையத்தில் போய்ப் பதிவு செய்ததற்கு யோசித்து விலகும் கால அவகாசம் எதையும் சட்டம் தருவதில்லை. மனம் மாறுவதும், பிள்ளைக்குக் காய்ச்சல் வருவதும், வேலையில் விடுப்பு கிடைக்காமல் போவதும் சட்டத்தின் பார்வையில் நம் பக்கத்துக் காரணங்கள். அப்போது ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே பேசும். உச்ச பருவத்தில் அது கறாராகவே இருக்கும். பாதிப் பணம் பதிவின்போதே போய்விடும்; குறிப்பிட்ட நாளைத் தாண்டினால் ஒரு டாலரும் திரும்பாது. அந்த நாள் எது என்று பார்த்துக் கைபேசி நாட்காட்டியில் குறித்துவைப்பது, உள்நாட்டுப் பயணக் காப்பீடு எடுப்பது இரண்டும் பயன் தரும். காப்பீட்டைப் பதிவு செய்யும்போதே எடுத்துவிட வேண்டும். காட்டுத்தீ மூண்ட செய்தி வந்த பிறகு எடுத்த காப்பீடு அந்தத் தீயால் வரும் இழப்பைப் பொதுவாக ஏற்காது.

ஆனால் எதை வேண்டுமானாலும் எழுதி ஒப்பந்தம் என்று நீட்டிவிட முடியாது. நாங்கள் நினைத்தால் எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்வோம், பணம் திருப்பித் தரமாட்டோம், பணம் கட்டிய பிறகும் விலையை உயர்த்துவோம் என்று ஒருதலையாக எழுதப்படும் நிபந்தனைகளை, நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் என்ற வகையில் நீதிமன்றம் செல்லாதவை ஆக்கலாம். 2023 நவம்பர் 9 முதல் அப்படிப்பட்ட நிபந்தனையை வைப்பதே சட்டமீறல்; அபராதமும் உண்டு. இந்தப் பாதுகாப்பு, முன்கூட்டிச் சொன்ன அடிப்படை விலைக்குப் பொருந்தாது. 110 டாலர் அதிகம் என்று வாதாட முடியாது. அந்த 110 டாலரோடு ஒட்டவைத்த நிபந்தனை அநியாயம் என்று வாதாடலாம்.

பார்க்கின் பக்கத்தில் தவறு நடந்தால் நிலைமை மாறிவிடும். விளம்பரத்தில் நீச்சல் குளம் இருந்தது, போனால் ஒரு வாரமும் பூட்டிக் கிடக்கிறது. மின் இணைப்புள்ள இடம் என்று பணம் வாங்கினார்கள், இரண்டு நாளாக மின்சாரம் இல்லை. தனிக் குளியலறை உள்ள இடம் கேட்டதற்குப் பொதுக் குளியலறைப் பக்கம் தள்ளிவிட்டார்கள். இவை நுகர்வோர் உத்தரவாதத்தின் கீழ் வரும். சிறு குறை என்றால் சரி செய்ய அவர்களுக்கு நியாயமான வாய்ப்புக் கொடுக்க வேண்டும். பெருங்குறை என்றால் ஒப்பந்தத்தை முறித்துப் பணத்தைக் கேட்கலாம், அல்லது தங்கிக்கொண்டே விலைக் குறைப்புக் கேட்கலாம். சட்டப்படி பணமாகவே தர வேண்டிய இடத்தில், அடுத்த முறை வந்து தங்கிக்கொள்ளுங்கள் என்று வவுச்சரை மட்டும் திணிக்க முடியாது. குறையைக் கண்ட அன்றே படம் எடுத்து, அலுவலகத்தில் சொல்லி, மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். வீடு திரும்பி இரண்டு வாரம் கழித்துச் சொல்லும் குறைக்குப் பலம் குறைவு.

யார் மீதும் தவறில்லாத பேரிடர்தான் சிக்கலானது. 2020 ஜனவரி 2 அன்று, காட்டுத்தீ காரணமாக, நியூ சவுத் வேல்ஸின் தெற்குக் கடற்கரையில் பேட்மன்ஸ் பே முதல் விக்டோரியா எல்லை வரை சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று அறிவித்தார்கள். மறுநாள், எல்லைக்கு அப்பால் விக்டோரியாவின் மல்லக்கூட்டாவில் சிக்கிக்கொண்டவர்களைக் கடற்படையின் சூல்ஸ் கப்பல் ஏற்றிச் சென்றது. வருடம் முழுக்க வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த விடுமுறைப் பணம் பலருக்கும் அந்த வாரம் கேள்விக்குறியானது. இப்படி ஒப்பந்தத்தை நிறைவேற்றவே முடியாமல் போகும்போது முதலில் ரத்து விதியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது இந்த நிலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றால், நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தென் ஆஸ்திரேலியா மூன்றிலும் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. அதன்படி, பார்க் செய்த நியாயமான செலவைக் கழித்துக்கொண்டு மீதியைக் கேட்க வழி உண்டு. ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஊரே மூடப்பட்டால் ஒரு நிலை. புகை அதிகமாக இருக்கிறது, பயமாக இருக்கிறது என்று நாமே போகாமல் விட்டால் வேறு நிலை. பயந்தது நியாயமாகவே இருக்கலாம். பணம் திரும்புவதற்கு அது மட்டும் போதாது. அப்போதும் பேசிப் பாருங்கள். பேரிடர்க் காலத்தில் தேதியை மாற்றித் தரும் பார்க்குகள் பல.

இடம் கிடைக்காத தவிப்பை மோசடிக்காரர்களும் நன்றாக அறிந்திருக்கிறார்கள். பல கடற்கரைப் பார்க்குகளில் சென்ற ஆண்டு தங்கியவருக்கே அடுத்த ஆண்டும் அதே இடத்துக்கு முன்னுரிமை. தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்துக்கு வரும் குடும்பங்கள் உண்டு. புதிதாகக் குடியேறிய நமக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கிறது. இந்த நேரத்தில் ஃபேஸ்புக்கில், போக முடியவில்லை, எங்கள் பதிவை வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒருவர் எழுதினால் ஆசையாகத்தான் இருக்கும். பணத்தை அனுப்புவதற்கு முன் பார்க்குக்கே அழைத்து, அப்படி ஒரு பதிவு இருக்கிறதா, பெயர் மாற்றுவார்களா என்று கேளுங்கள். வங்கிக் கணக்குக்கு நேராகப் பணம் போடாதீர்கள். அட்டையில் கட்டியிருந்தால், சேவை கிடைக்காதபோது அந்தத் தொகையைத் திரும்ப எடுக்கும்படி வங்கியைக் கேட்கலாம்; அதற்குக் காலக்கெடு இருப்பதால் தாமதிக்கக் கூடாது. ஏமாந்துவிட்டால் உடனே வங்கிக்கும், பிறகு ஸ்கேம்வாட்ச் தளத்துக்கும் தெரிவியுங்கள். வங்கி சரியாக நடந்துகொள்ளவில்லை என்றால் ஆஸ்திரேலிய நிதிப் புகார் ஆணையத்திடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தொலைபேசியில் பெயரைக் கேட்டதும் இடமில்லை என்கிறார்கள். அதே தேதிக்கு இணையத்தில் இடம் காட்டுகிறது. தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் இனத்தைக் காரணம் காட்டிச் சேவையை மறுப்பது 1975 ஆம் ஆண்டின் இனப் பாகுபாட்டுச் சட்டப்படி தவறு. திரையைப் படம்பிடித்து வையுங்கள். மனித உரிமைகள் ஆணையத்தில் புகார் செய்யக் கட்டணம் இல்லை.

செலவைக் குறைக்கும் வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளிப் பருவத்தை எட்டாத பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் பிப்ரவரி நடுவிலோ மார்ச்சிலோ போகலாம். தென்கரையில் கடல் நீர் வெதுவெதுப்பாக இருப்பதும் அந்த மாதங்களில்தான், கட்டணமும் இறங்கியிருக்கும். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால், விடுமுறை விட்ட உடனேயே கிறிஸ்மஸுக்கு முந்தைய சில நாட்களைப் பாருங்கள். பல பார்க்குகளில் அதுவரை உச்சக் கட்டணம் தொடங்கியிருக்காது. கடலை விட்டு ஒரு மணி நேரம் உள்ளே வந்தால் ஊர்ப் பொருட்காட்சி மைதானங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் குறைந்த செலவில் தங்கலாம். டார்வின், புரூம் போன்ற வடக்கு ஊர்களுக்குக் கணக்கு தலைகீழ்: அங்கே ஜூன், ஜூலைதான் உச்சம். பதிவு செய்துவிட்டுப் போக முடியாவிட்டால் தயவுசெய்து ரத்து செய்துவிடுங்கள். விக்டோரியா அரசு 2024 டிசம்பர் முதல் 2025 ஜூன் வரை தேசியப் பூங்காக்களில் கூடாரக் கட்டணத்தை நீக்கியபோது, பதிவு செய்துவிட்டு வராதவர்களால் காலியாகக் கிடந்த இடங்களைப் பற்றிப் பலர் குறைப்பட்டார்கள்.

தகராறு என்று வந்தால் முதலில் பார்க்குக்கு எழுத்தில் கேளுங்கள்: என்ன நடந்தது, எவ்வளவு வேண்டும், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். அதற்கு மசியவில்லை என்றால் மாநில நுகர்வோர் அலுவலகம். நியூ சவுத் வேல்ஸில் ஃபேர் டிரேடிங், விக்டோரியாவில் கன்ஸ்யூமர் அஃபேர்ஸ். இவை இரு தரப்பையும் பேசவைக்கும். உத்தரவு போட அதிகாரம் கொண்டவை தீர்ப்பாயங்கள். நியூ சவுத் வேல்ஸில் என்கேட், விக்டோரியாவில் விகேட், குயின்ஸ்லாந்தில் கியூகேட். அங்கே வழக்கறிஞர் இல்லாமலே போகலாம். ஏ.சி.சி.சி. தனிநபர் தகராறுகளைத் தீர்த்துவைப்பதில்லை. ஆனாலும் அங்கே தெரிவியுங்கள், ஒரே நிறுவனத்தின் மேல் பலர் சொன்னால்தான் விசாரணைக்கு வழி பிறக்கும்.

உச்ச பருவம் விடுமுறைக்காரரை மட்டும் பாதிப்பதில்லை. வாடகை வீடு கிடைக்காமல் கேரவன் பார்க்கிலேயே குடியிருப்பவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். டிசம்பர் நெருங்கினால் அவர்களிடம் பருவக் கட்டணத்தைக் கட்டு, அல்லது காலி செய் என்கிறார்கள். நமக்கு 110 டாலர் கடல் பார்க்கும் செலவு. அவர்களுக்கு அது தலைக்கு மேல் கூரை. விக்டோரியாவில் ஒரு பார்க்கை முதன்மை வசிப்பிடமாகக் கொண்டு தொடர்ந்து 60 நாள் தங்கியவர், 1997 ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டப்படி குடியிருப்பாளர் ஆகிறார். எழுத்தில் முன்னறிவிப்பு இல்லாமல் அவருடைய வாடகையை உயர்த்தவோ அவரை வெளியேற்றவோ முடியாது. 60 நாள் நிறையும் முன்பே வெளியே போய்விட்டுத் திரும்பி வரச் சொன்னால் அந்தக் கணக்கு அறுந்துவிடும். அதனால் அப்படி ஒரு பேச்சு வந்த உடனேயே, எதற்கும் ஒப்புக்கொள்வதற்கு முன், டெனன்ட்ஸ் விக்டோரியா போன்ற வாடகைதாரர் அமைப்பை அழைக்க வேண்டும். மற்ற மாநிலங்களில் நாள் கணக்கும் சட்டமும் வேறு. அங்கும் இத்தகைய அமைப்புகள் உண்டு. ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர்கள் 131 450 என்ற தேசிய மொழிபெயர்ப்புச் சேவை எண்ணை அழைத்துத் தமிழ் வேண்டும் என்று சொன்னால், மொழிபெயர்ப்பாளரோடு இந்த அலுவலகங்களுக்கு இணைப்புத் தருவார்கள்.