பூனையின் முழங்கால் எங்கே இருக்கிறது?

கம்ப்யூட்டரில் பூனை வரைவதென்றால் பெரிய வட்டம், சிறிய வட்டம், காதுக்கு இரண்டு முக்கோணம், கொஞ்சம் மீசை என்று முடித்துவிடுவோம். உட்கார்ந்திருக்கும் பூனைக்கு இது போதும். அதையே நடக்க வைத்துப் பாருங்கள், சிக்கல் தெரியும்.

நாமகிரிப்பேட்டையில் அம்மாயி வளர்த்த பூனை சென்ற வருடம் இறந்துபோனது. இருப்பது ஒரே போட்டோ. அதிலும் மஞ்சள் மூட்டை மேல் சுருண்டு தூங்குகிறது. நடந்து வருகிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்றார். வரைந்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "மூஞ்சி அதேதான் கண்ணு. காலுதான் ஒடிஞ்ச மாதிரி இருக்குது" என்றார்.

தவறு என்னுடையதுதான். பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்திக்கொண்டு தெரிவதை முழங்கால் என்று நினைத்திருந்தேன். அது குதிகால்! பூனை விரல்களை மட்டும் தரையில் ஊன்றி நடக்கிறது. குதிகால் மேலேயே இருக்கும். உண்மையான முழங்கால் வயிற்றை ஒட்டி, நம்முடையதைப் போலவே முன்பக்கம் பார்த்து இருக்கிறது. முன்னங்காலிலும் இதே கதைதான். முழங்கை நெஞ்சின் அடியோரத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே மடிவது மணிக்கட்டு.

தோளையும் கவனியுங்கள். நமக்குக் காறை எலும்பு தோளை மார்பெலும்போடு இணைக்கிறது. பூனைக்கு அது மிகச் சிறியது; தசைக்குள் தனியாகக் கிடக்கிறது. அதனால் தோள்பட்டை தாராளமாக நகரும். எடை தாங்கும் கால் பக்கம் முதுகுக் கோட்டில் ஒரு மேடு எழும்பும். முதுகை நேர்கோடாக இழுத்தால் பூனை மேஜையாகிவிடும். (மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசில், 7-ம் நூற்றாண்டுச் சிற்பி ஒரு பூனையை மனிதனைப்போல் நிற்க வைத்துத் தவம் செய்ய வைத்தார். அது வேண்டுமென்றே செய்த வேடிக்கை. நாம் தெரியாமல் செய்கிறோம்!)

இனி வரைவோம். கிம்ப் என்ற இலவச புரோகிராமே போதும். பூனை பக்கவாட்டில் நடக்கும் போட்டோ ஒன்று தேவை; எந்தப் பூனையானாலும் சரி. கிடைக்காவிட்டால் எட்வர்ட் மைபிரிட்ஜ் 1887-ல் வெளியிட்ட விலங்குகளின் நடைப் படங்களில் பூனையும் உண்டு. விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் இலவசமாக எடுக்கலாம்.

போட்டோவைத் திறந்து, லேயர்ஸ் பகுதியில் ஒபாசிட்டியை 40 ஆகக் குறைத்திடுங்கள். லேயர் மெனுவில் நியூ லேயர் தேர்ந்தெடுத்து, பில் வித் என்ற இடத்தில் டிரான்ஸ்பரன்சி கொடுத்து ஓகே செய்திடவும். இந்த லேயரில் பெயிண்ட்பிரஷ் கொண்டு இடுப்பு, முழங்கால், குதிகால், விரல் என மூட்டுகளில் மட்டும் புள்ளி வையுங்கள். ஒரு புள்ளியில் கிளிக் செய்து, ஷிப்ட் கீயை அழுத்தியபடி அடுத்ததில் கிளிக் செய்தால் நேர்கோடு வந்துவிடும். ஓரத்தை அப்படியே டிரேஸ் செய்யாதீர்கள். அந்தப் போட்டோ பூனைதான் கிடைக்கும். எலும்பு தெரிந்தால் அதன்மேல் உங்கள் பூனையைப் போர்த்தலாம்.

போட்டோ லேயரின் கண் ஐகானைக் கிளிக் செய்து மறைத்துவிட்டு, உடலையும் வாலையும் தனித்தனி லேயர்களில் வரையுங்கள். இமேஜ் மெனுவில் டிரான்ஸ்பார்ம் சென்று பிளிப் ஹாரிசான்டலி கொடுங்கள். படம் இடவலமாகத் திரும்பியதும், அதுவரை கண்ணுக்குப் படாத கோணல் பளிச்சென்று தெரியும்.

இரண்டாவது பிரிண்ட்டில் அம்மாயி காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "பசியோட வர்றப்ப வாலைத் தூக்கிட்டுல்ல வரும்?" என்றார். வால் தனி லேயரில் இருந்ததால் அதை மட்டும் மாற்றி, மூன்றாவது பிரிண்ட் எடுத்தேன்.