கதைக்கொரு பக்கமா, தொகுதிக்கொரு பக்கமா?

மால்குடி டேஸ் என்றால் கர்நாடகத் தமிழருக்கு விளக்கம் தேவையில்லை. 1986-ல் சங்கர் நாக் இயக்கத்தில் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய அத்தொடரை விரும்பிப் பார்த்தவர்கள் லிங்கராஜபுரத்தில் இன்றும் பலர் உண்டு. சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த ஆர்.கே. நாராயண், 1930-ல் தம் முதல் நாவலை எழுதத் தொடங்கியதும் இதே பெங்களூரில்தான்.

ஆனால், அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது? 1943-ல் வெளிவந்த ஒரு கதைத் தொகுதி. 1982-ல் அதே பெயரில் வந்த 32 கதைகள் கொண்ட வேறொரு தொகுதி. பிறகு தொலைக்காட்சித் தொடர். 1982-ன் தொகுதியில் 24 கதைகள் முந்தைய நூல்களிலிருந்து எடுக்கப்பட்டவை, எட்டுதான் புதியவை.

இணையத்தில் கலைக்களஞ்சியம் தொகுக்கும் ரசிகர்களுக்குத் தலைவலி இங்கேதான் ஆரம்பம். தொகுதிக்கு ஒரே பக்கம் போட்டு எல்லாக் கதைகளையும் அதில் அடக்குவதா? கதைக்கொரு பக்கம் பிரிப்பதா?

விக்கிப்பீடியா போன்ற பொதுக் களஞ்சியங்களின் வழக்கம் கறாரானது. ஒரு கதையைப் பற்றிப் பிறர் போதிய அளவு எழுதியிருந்தால்தான் தனிப் பக்கம். இல்லையேல் அது தொகுதியின் பக்கத்தோடு சேரும். ரசிகர் களஞ்சியங்களோ பெரும்பாலும் தாராளம். சிறு கதைக்கும் தனி இடம் தரும்.

இரண்டிலும் சங்கடம் உண்டு. ஃபாதர்ஸ் ஹெல்ப் கதையின் நாயகன் சுவாமி, 1935-ல் வந்த சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ் நாவலின் அதே சிறுவன். இக்கதையை நாவலோடு சேர்ப்பதா, தொகுதியோடு சேர்ப்பதா? எதில் சேர்த்தாலும் மற்றதில் தேடுபவர் ஏமாறுவார். தனியே பிரித்தாலோ, இரண்டு வரிப் பக்கங்கள் பெருகும். பிழை திருத்த ஆள் இருக்காது.

இது வெறும் கணக்குப் பிரச்சினை அல்ல. ஃபார்ட்டிஃபைவ் எ மன்த் என்ற கதையை நினைத்துப் பாருங்கள். மாதம் 45 ரூபாய் குமாஸ்தா வெங்கட் ராவ், மகள் சாந்தாவைச் சினிமாவுக்கு அழைத்துப் போவதாக வாக்களிக்கிறார். அலுவலகம் விடவில்லை. வேலையை உதறிவிடத் துணிந்து கடிதம் எழுதுகிறார். ஐந்து ரூபாய் சம்பள உயர்வு என்றதும் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார். வீடு திரும்பும்போது குழந்தை உடுத்திய உடுப்போடு உறங்கிவிட்டது. நம்மவர் வீட்டுக் கதை! 32-ல் ஒன்றாக வெறும் தலைப்போடு நின்றால், தலைப்பை மறந்த குமாஸ்தா அதை எப்படிக் கண்டுபிடிப்பார்? மெட்ராஸ்–பெங்களூர் எக்ஸ்பிரஸில் நடக்கும் ஃபெல்லோ ஃபீலிங் கதைக்கும் இதே கதிதான்.

நடுவழி ஒன்று உண்டு. தனித்து ஆராயப்பட்டவை, பல நூல்களில் மறுபடி இடம்பெற்றவை, படமாக்கப்பட்டவை ஆகியவற்றுக்குத் தனிப் பக்கம் தரலாம். மற்றவற்றைத் தொகுதியின் பக்கத்திலேயே வைத்து, ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, முதலில் வந்த நூல், ஆண்டு, இரண்டு வரிக் கதைச் சுருக்கம் தரவேண்டும். எல்லா ஊருக்கும் ஜங்ஷன் கட்ட முடியாது. ஆனால் வண்டி நிற்கும் ஊரின் பெயர் கால அட்டவணையில் இருந்தே ஆகவேண்டும்.

தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இயங்கி வருகிறது. அதில் எழுதப் பட்டம் தேவையில்லை. வாரப் பத்திரிகைக் கதைகளைக் கிழித்து பைண்டு செய்து வைத்திருக்கும் வாசகர்களிடம் வெளிவந்த தேதியும் இதழின் பெயரும் இருக்கும். அந்தக் குறிப்புகளைச் சேர்த்தால், தமிழ்க் கதைகள் பலவற்றுக்குக் கால அட்டவணையில் இடம் கிடைக்கும்.