உடல் எடைக் குறைப்பு: இடைவெளி விரதம், குறைமாவு உணவு, குறுந்தீவிரப் பயிற்சி

இடைவெளி விரதம் என்பது ஒரு நாளில் உண்ணும் நேரத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கிக்கொண்டு மீதி நேரம் உணவின்றி இருப்பது. குறைமாவு உணவு என்பது சோறு, இட்லி, தோசை, பரோட்டா, சர்க்கரை ஆகியவற்றில் உள்ள மாவுச்சத்தைக் குறைத்து, அந்த இடத்தைப் புரதம், கொழுப்பு, காய்கறி ஆகியவற்றால் நிரப்புவது. குறுந்தீவிரப் பயிற்சி என்பது சில நொடிகளோ நிமிடங்களோ மூச்சு வாங்கும் அளவுக்கு உழைத்து, சிறிது ஓய்ந்து, மீண்டும் அதையே செய்வது. எடையைக் குறைக்க விரும்புவோர் இந்த மூன்றையும் தனித்தனியாகவோ சேர்த்தோ கடைப்பிடிக்கின்றனர்.

தமிழ்நாட்டில் இவற்றுக்கு இவ்வளவு கவனம் கிடைக்கக் காரணம் உண்டு. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் உடல்நிறைக் குறியீடு 25-ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். 2015–16இல் இது பெண்களில் 30.9, ஆண்களில் 28.2 விழுக்காடாக இருந்தது. இதே பத்தாண்டில்தான் நியாண்டர் செல்வன் எழுதிய ‘பேலியோ டயட்’ நூலும், ‘ஆரோக்கியம் & நல்வாழ்வு’ என்ற முகநூல் குழுவும் குறைமாவு உணவைத் தமிழ் வாசகர்களிடையே பரப்பின. அரிசிச் சோறு இல்லாமல் ஒரு நாள் கழியுமா என்று கேட்டவர்கள்கூட முட்டையும் பாதாமும் பனீருமாக மாறிப் பார்த்தனர்.

எடை எப்படிக் குறைகிறது

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி ஆற்றல் சேமிக்கப்பட்டிருக்கிறது. எந்த முறையானாலும் உடல் செலவிடுவதைவிட உள்ளே போவது குறைந்தால்தான் இந்தச் சேமிப்பு கரையும். விரதம் உண்ணும் நேரத்தைச் சுருக்கி அதைச் சாதிக்கிறது. குறைமாவு உணவு பசியைத் தணித்து அதையே செய்கிறது. இரண்டும் ஒரே வாசலுக்குப் போகும் வெவ்வேறு தெருக்கள்.

தொடங்கிய முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்துவிட்டது என்று பலர் மகிழ்வதுண்டு. அதில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலிலும் தசைகளிலும் மாவுச்சத்து கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் சுமார் மூன்று கிராம் நீர் தங்கியிருக்கும். மாவுச்சத்து குறைந்ததும் கிளைக்கோஜன் செலவாகி, அந்த நீரும் வெளியேறுகிறது. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து எழுந்தால் அது திரும்பி வந்துவிடும். ஆகவே முதல் வார எடையை வைத்து ஒரு முறையைப் புகழ்வதும், மூன்றாம் வாரத் தேக்கத்தை வைத்து அதைக் கைவிடுவதும் இரண்டுமே அவசரம்.

இந்தியர்களுக்கு எடைத் தராசு மட்டும் போதாது. பூனாவின் கே.இ.எம். மருத்துவமனை ஆய்வாளர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இலண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004இல் தங்களையே சான்றாகக் காட்டினர். இருவருக்கும் உடல்நிறைக் குறியீடு 22.3 தான். ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. மெலிந்த கை கால்களும் முன்தள்ளிய வயிறும் உள்ளவருக்கு இடுப்பளவு நாடாதான் சரியான அளவுகோல். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது இந்தியர்களுக்கான எல்லை.

இடைவெளி விரதம்

விரதம் தமிழருக்குப் புதிதல்ல. ஏகாதசி, சஷ்டி, கார்த்திகை, ரமலான் நோன்பு என்று எல்லாச் சமயத்தாரிடமும் அது உண்டு. நெய்யையும் பாலையும் விலக்கும் மார்கழி நோன்பைப் பாடிய ஆண்டாளின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர் இன்று பால்கோவாவுக்குப் பெயர்பெற்றிருப்பது ஒரு வேடிக்கை. அந்தப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் சமய விரதம் எடை குறைப்பதற்காக ஏற்பட்டதல்ல. பகல் முழுதும் பட்டினி கிடந்து, இரவில் பலகாரம் என்ற பெயரில் ஜவ்வரிசி உப்புமாவும் வாழைப்பழமும் இனிப்பும் உண்டால் நாளின் கணக்கு சமமாகிவிடும்.

இன்று வழக்கில் உள்ளவை மூன்று வகை. 16 மணி நேரம் உண்ணாமல் 8 மணி நேரத்துக்குள் சாப்பிடுவது, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மிகக் குறைவாக உண்பது, ஒன்றுவிட்ட நாள் விரதம். உண்ணாத நேரம் நீளும்போது இரத்தத்தில் இன்சுலின் அளவு தாழ்கிறது. கல்லீரலின் கிளைக்கோஜன் குறையக் குறைய உடல் கொழுப்பைக் கூடுதலாக எரிபொருளாக்குகிறது. செல்கள் தம் கழிவுகளைத் தாமே செரித்துக்கொள்ளும் ‘தன்னுண்ணல்’ பற்றியும் அதிகம் பேசப்படுகிறது. அதன் இயக்கத்தைக் கண்டறிந்ததற்காக யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது உண்மை. ஆனால் அவருடைய அடிப்படை ஆய்வுகள் ஈஸ்ட் செல்களில் நடந்தவை. பதினாறு மணி நேரப் பட்டினியில் மனித உடல் இளமையாகிவிடும் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

மனிதர்களிடம் நடந்த சோதனைகள் நிதானமான செய்தியையே சொல்கின்றன. சீனாவின் குவாங்சோ நகரில் 139 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. எல்லோரும் ஒரே அளவு கலோரியைக் குறைத்தனர். ஒரு பிரிவினர் மட்டும் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் சாப்பிட்டு முடித்தனர். அவர்கள் இழந்தது 8 கிலோ, மற்றவர்கள் 6.3 கிலோ, புள்ளியியல்படி இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அல்ல. 2020இல் அமெரிக்காவில் வெளியான 12 வார ஆய்வில், ‘நண்பகல் முதல் இரவு 8 மணிக்குள் எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம்’ என்று விடப்பட்டவர்கள் ஒரு கிலோவுக்கும் குறைவாகவே இழந்தனர். அதிலும் நுட்பமாக அளக்கப்பட்டவர்களிடம் கை கால் தசையும் குறைந்திருந்தது. கடிகாரம் மட்டும் எடையைக் குறைப்பதில்லை. கடிகாரம் காரணமாகத் தட்டில் குறைவது எதுவோ அதுதான் குறைக்கிறது.

ஆயினும் பலருக்கு இம்முறை எளிது. கலோரி எண்ண வேண்டாம், தனிச் சமையல் வேண்டாம். இரவு உணவை ஏழு மணிக்குள் முடித்து, அதன்பின் தொலைக்காட்சி முன் கொறிக்கும் சேவையும் மிக்சரையும் நிறுத்தினாலே 12 முதல் 14 மணி நேர இடைவெளி கிடைத்துவிடும். இராஜபாளையத்து நூற்பாலைகளில் மாறிமாறி வரும் ஷிப்டில் வேலை செய்வோருக்கு ஒரே நேர ஒழுங்கு கைகூடாது. அவர்கள் நேரத்தைப் பிடித்துத் தொங்குவதைவிட உணவின் அளவைப் பார்ப்பதே நல்லது. விரத நேரத்தில் தண்ணீர், பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர் அல்லது காப்பி பருகலாம். கடைத் தேநீர் கணக்கில் வரும்: இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை சுமார் 40 கிலோகலோரி, நாளுக்கு நான்கு முறை குடித்தால் சர்க்கரை மட்டுமே 160.

சோறும் மாவுச்சத்தும்

குறைமாவு உணவின் வரலாற்றில் வில்லியம் பாண்டிங் என்ற இலண்டன்காரரின் பெயர் முதலில் வரும். இறுதிச் சடங்கு ஏற்பாட்டாளரான அவர், மருத்துவர் ஒருவரின் அறிவுரைப்படி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்கி ஓராண்டில் ஏறத்தாழ 21 கிலோ இழந்து, 1863இல் அந்த அனுபவத்தைச் சிறு நூலாக வெளியிட்டார்.

நம் ஊர்ச் சிக்கல் வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர்–இராஜபாளையம் வட்டாரத்துக் கான்சாபுரம் போன்ற ஊர்களில் சோறு மலையாகக் குவிந்தது சோம்பலால் அல்ல. நாற்று நட்டு, களை எடுத்து, அறுத்து, கட்டுச் சுமந்த உடலுக்கு அது தேவைப்பட்டது. இப்போது உழுவது டிராக்டர், அறுப்பது இயந்திரம், கடைக்குப் போவது இருசக்கர வாகனம். உழைப்பு பாதியாகியும் தட்டு அப்படியே நிற்கிறது. இருநூறு கிராம் அரிசியைச் சோறாக்கி ஒரு வேளைக்கு உண்டால் சுமார் 700 கிலோகலோரி. அதில் ஏறத்தாழ 156 கிராம் மாவுச்சத்து. நாள் முழுவதற்கும் 130 கிராமுக்குக் கீழே இருந்தால்தான் பொதுவாகக் குறைமாவு உணவு என்பர். கீட்டோ முறையில் அது 50 கிராமுக்கும் கீழே போகும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை மெட்ராஸ் டயாபிடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நடத்தும் இண்டியாப் ஆய்வு, இந்தியர்களின் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருவதாக 2025இல் தெரிவித்தது. அதே ஆய்வில் இன்னொரு குறிப்பும் இருந்தது: மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறுவதால் நீரிழிவு ஆபத்து குறையவில்லை. அரிசியை விட்டுக் கம்புக்கும் கேழ்வரகுக்கும் மாறியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நூறு கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம், கேழ்வரகில் சுமார் 67, கம்பில் சுமார் 62. நார்ச்சத்தும் தாதுக்களும் அவற்றில் கூடுதல்தான். ஆனால் ஆறு தோசை ஆறு தோசையே.

ஒரே அடியாகச் சோற்றை விடவும் தேவையில்லை. இதே ஆய்வுக் குழு 2022இல் வெளியிட்ட கணக்கின்படி, நீரிழிவின் தொடக்க நிலையில் உள்ளவர்கள் மாவுச்சத்தைச் சுமார் 50 முதல் 55 விழுக்காட்டுக்கு இறக்கிப் புரதத்தை 20 விழுக்காட்டை ஒட்டி உயர்த்தினாலே நல்ல பயன் உண்டு. தட்டில் இதைச் செய்வது இப்படி: பாதித் தட்டு கீரை, புடலை, சுரை, அவரை, வெண்டை, கால் தட்டு சோறு, மீதிக் கால் முட்டை, மீன், கோழி அல்லது கெட்டியான பருப்பு, சுண்டல். சோற்றைப் போட்டுவிட்டு அதற்குக் குழம்பு தேடும் பழக்கத்தைத் திருப்பி, முதலில் காயும் புரதமும் பரிமாறிக்கொண்டால் சோறு தானாகவே குறையும். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா மாவும் கொழுப்பும் ஒன்றாய்ச் சேர்ந்தது. அதைச் சமாதானப்படுத்தும் காய்கறி எதுவும் இல்லை.

பேலியோ முறையில் பருப்பு, பயறு, நிலக்கடலை ஆகியவற்றுக்கும் இடமில்லை. புலால் உண்ணாத, பாதாம் வாங்க வசதியில்லாத குடும்பத்துக்கு இது கடுமையான நிபந்தனை. அவர்களுக்குப் புரதமே பயறுகளில்தான் இருக்கிறது. அத்தகையோர் பருப்பை விடாமல் சோற்றையும் சர்க்கரையையும் மட்டும் குறைப்பது பொருத்தம். 2018இல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வில் குறைமாவுப் பிரிவினர் சராசரியாக 6 கிலோவும் குறைகொழுப்புப் பிரிவினர் 5.3 கிலோவும் இழந்தனர். இங்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. யாரால் எதை ஓராண்டுக்குமேல் தொடர முடிகிறதோ அதுவே அவருக்கான முறை.

குறுந்தீவிரப் பயிற்சி

‘தபாட்டா’ என்று உடற்பயிற்சிக் கூடங்களில் விளம்பரப்படுத்தப்படும் நான்கு நிமிடப் பயிற்சி, ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாட்டா 1996இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. 20 நொடி முழுவேகம், 10 நொடி ஓய்வு, ஏழெட்டு முறை. அதைச் செய்தவர்கள் உடற்பயிற்சிக்குப் பழகிய இளைஞர்கள். அளக்கப்பட்டது அவர்களுடைய மூச்சுத் திறனும் தசைத் திறனும். எடைக் குறைப்பு அந்த ஆய்வின் நோக்கமே அல்ல. நான்கு நிமிடத்தில் செலவாகும் ஆற்றல் ஓர் இட்லிக்கு ஈடாகலாம், அவ்வளவுதான்.

அப்படியானால் பயிற்சி எதற்கு? உணவைக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. தசையைக் காப்பதும் இன்சுலின் நன்றாகச் செயல்பட உதவுவதும் பயிற்சியின் வேலை. சென்னையில் மேற்கண்ட ஆய்வு நிறுவனமே வளரிளம் பெண்களுக்காகப் பத்து நிமிடத் தீவிர நடனப் பயிற்சி ஒன்றை ‘தாண்டவ்’ என்ற பெயரில் உருவாக்கியது; மைதானமோ கருவியோ வேண்டாம் என்பது அதன் சிறப்பு. ஐம்பதைக் கடந்தவர்களுக்கு ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் உருவான இடைவெளி நடை ஏற்றது: மூன்று நிமிடம் வேக நடை, மூன்று நிமிடம் மெதுநடை, இப்படி ஐந்து சுற்று, வாரத்தில் நான்கு நாள். மூட்டு வலி உள்ளவர்கள் குதிக்கும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். நெஞ்சு வலி, கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்தத் தீவிரப் பயிற்சியையும் தொடங்கக் கூடாது.

யாருக்கு ஆபத்து

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், 18 வயதுக்குட்பட்டோர், எடை குறைவானவர்கள், சிறுநீரக நோயாளிகள் ஆகியோருக்கு இம்முறைகள் ஏற்றவையல்ல. இதைவிடக் கவனிக்க வேண்டியவர்கள் நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. மாத்திரையை வழக்கம்போல் விழுங்கிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் காலை உணவை நிறுத்துவது எளிதாகிவிட்டது. சிக்கல் அங்கேதான்.

இன்சுலின் ஊசியும், கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையைக் குறைக்கும். மெட்ஃபார்மின் தனியாக அவ்வளவு குறைப்பதில்லை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால், சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகி உயிருக்கு ஆபத்தாகலாம். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் அதன் அறிகுறிகள். எடை குறையும்போது இரத்த அழுத்தமும் இறங்கும் என்பதால் அதற்கான மாத்திரையின் அளவையும் மாற்ற வேண்டிவரலாம். எனவே தொடங்குவதற்கு முன்பே மாத்திரைச் சீட்டோடு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

விரத நேரத்தில் திடீரென வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் தோன்றினால் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியிருக்கக்கூடும். விரதம் முறிகிறதே என்று பார்க்காமல் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுமுறையும் குடித்து, தெளிந்தபின் உணவு உண்ண வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும்.