மார்பு வரை போய்த் திரும்பும் நரம்பு

சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். ஒன்றரை மாதமாகக் குரல் கம்மிக் கிடக்கிறதாம். மிளகுப் பாலுக்கும் சித்தரத்தைக்கும் மசியவில்லை. தொண்டை மருத்துவரோ மார்பை எக்ஸ்ரே எடுத்து வரச் சொல்கிறார். தொண்டைக்கும் மார்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்.

நுரையீரல் காற்று குரல் நாண்களை அதிரவைக்கிறது, நாக்கும் உதடும் அதைச் சொல்லாக்குகின்றன என்பதெல்லாம் பள்ளியிலேயே படித்ததுதான். அந்த நாண்களைத் திறந்து மூடும் நரம்பின் பாதைதான் எனக்குத் தீராத வியப்பு. மூளையிலிருந்து வேகஸ் நரம்போடு கிளம்பி, குரல்வளையைக் கடந்து மார்புக்குள் இறங்குகிறது. இடப்பக்கத்து நரம்பு பெருந்தமனியின் வளைவுக்கு அடியில் புகுந்து மீண்டும் மேலேறிக் குரல்வளைக்கு வருகிறது. நான் போய்வரும் ஜி.எஸ்.டி. சாலையில், கிண்டியில் ஏறியவர் குரோம்பேட்டையைத் தாண்டிச் செங்கல்பட்டு வரை போய்த் திரும்பி வந்து குரோம்பேட்டையில் இறங்குவதைப் போல. வலப்பக்கத்து நரம்பு அவ்வளவு தூரம் போவதில்லை. கைக்குப் போகும் தமனியைச் சுற்றியே திரும்பிவிடுகிறது.

ஏன் இந்தச் சுற்று? மீன்களுக்குக் கழுத்து கிடையாது. செவுளும் இதயமும் அருகருகே இருக்கின்றன. அங்கே தமனிக்குப் பின்னால் போன நரம்புக்கு அதுவே நேர்வழி. பின்வந்த விலங்குகளில் கழுத்து நீண்டு இதயம் கீழே இறங்கியபோது, தமனி நரம்பையும் இழுத்துக்கொண்டு போனது. ஒட்டகச்சிவிங்கியில் இந்தச் சுற்று நான்கு மீட்டரையும் தாண்டும். இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் காலென் என்ற மருத்துவர், கூட்டத்தின் முன் பன்றியின் இந்த நரம்புகளை அறுத்துக் காட்டினார். வீறிட்டுக்கொண்டிருந்த பன்றி ஊமையானது. பேச்சு இதயத்தில் பிறக்கிறது என்று நம்பியவர்களுக்கு, அதை ஆள்வது மூளை என்று அவர் தந்த சான்று அது.

நரம்பு இப்படி மார்புக்குள் சுற்றி வருவதால், அந்த வழியில் எது வீங்கினாலும் அது நசுங்கலாம்: பெருந்தமனிப் புடைப்பு, நுரையீரல் புற்றுக்கட்டி, வால்வு சுருங்கியதால் பருத்த இதய மேலறை. ஆசிரியைக்குப் பெரும்பாலும் ஓயாமல் உரத்துப் பாடம் நடத்தியதால் வந்த கோளாறாகவே இருக்கும். ஆனாலும் எக்ஸ்ரேயைத் தள்ளிப்போட வேண்டாம். மூன்று நான்கு வாரம் தாண்டிய கரகரப்பைக் கஷாயத்திலேயே கழிப்பது நம்மூரில் பெரும் அலட்சியம். நெரிசலான வகுப்பில் ஒரு சிறு மைக் கூட வைக்காத பள்ளிகளுக்கும் இதில் பங்குண்டு.

தைராய்டு அறுவைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டியே ஏறுகிறது. ஒரு பக்க நாண் முன்பே செயலிழந்திருந்து, மறுபக்க நரம்பும் அடிபட்டால் மூச்சுவழியே அடைபடக்கூடும். அதனால் இரு நாண்களும் அசைகின்றனவா என்று அறுவைக்கு முன்பே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.