ஒலியைப் பகுத்து அளப்போம்

ஒரு தொழிற்கூடத்தில் ஒலிமட்டமானி 95 டெசிபல் காட்டுகிறது. இந்த ஓர் எண்ணை மட்டும் கொண்டு எந்த இயந்திரத்தைச் சீர்படுத்த வேண்டும் என்று உங்களால் கூற முடியுமா? முடியாது. தாழ்ந்த உறுமலும் கூரிய சீறலும் அந்த எண்ணுக்குள் ஒன்றாகக் கலந்துள்ளன. அவற்றைப் பிரித்துக் காட்டுவதே ஸ்தாயிப் பட்டைப் பகுப்பாய்வு.

இசையில் ஒரு சுரத்தின் அதிர்வெண் இரு மடங்கானால், அதே சுரம் அடுத்த ஸ்தாயியில் ஒலிக்கும். இம்முறையைப் பின்பற்றி, நம் செவிக்கு எட்டும் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைப் பத்துப் பட்டைகளாகப் பிரிக்கிறார்கள். அவற்றின் மைய அதிர்வெண்கள் 31.5, 63, 125, 250 என இரட்டித்துக்கொண்டே 16,000 வரை செல்லும். 1,000 ஹெர்ட்ஸ் பட்டை என்பது ஏறத்தாழ 707 முதல் 1,414 ஹெர்ட்ஸ் வரை பரவியது. கருவியிலுள்ள வடிகட்டி ஒவ்வொன்றும் தனக்குரிய பட்டையை மட்டும் உள்ளே விடும்.

நம் தொழிற்கூடத்தில் ஆறு இதழ்கள் கொண்ட பெரிய விசிறி ஒன்று நிமிடத்துக்கு 1,500 முறை, அதாவது நொடிக்கு 25 முறை, சுழல்கிறது எனக் கொள்வோம். இதழ்கள் நொடிக்கு 150 முறை காற்றைத் தாக்கும். இந்த உறுமல் 125 ஹெர்ட்ஸ் பட்டையில் விழும். அதன் அளவு 95 டெசிபல். அருகே ஒரு குழாய் முனையில் அழுத்தக் காற்று சீறுகிறது. அது 4,000 ஹெர்ட்ஸ் பட்டையில் 85 டெசிபல். டெசிபல் மடக்கை அளவாதலால் இரண்டும் சேர்ந்து 180 ஆகாது, 95.4 தான் ஆகும். சீறலை அடியோடு நிறுத்தினாலும் 95 மிஞ்சும்.

அப்படியானால் சீறலைப் பொருட்படுத்த வேண்டாமா? இங்கேதான் கவனம் தேவை. தாழ்ந்த ஒலிகளுக்கு நம் செவி மந்தமானது. இதைக் கணக்கில் கொள்ளும் 'ஏ' திருத்தத்தின்படி, 125 பட்டையில் 16 டெசிபலைக் கழிக்க வேண்டும். 4,000 பட்டையில் 1 கூட்ட வேண்டும். இப்போது உறுமல் 79, சீறல் 86. மொத்தம் ஏறத்தாழ 87. நாளொன்றுக்கு 8 மணி நேர வேலைக்கு 85 என்பதே எல்லை என அமெரிக்கத் தேசியத் தொழில் பாதுகாப்பு நலவாழ்வு நிறுவனம் 1998இல் பரிந்துரைத்தது. உறுமலை 10 டெசிபல் குறைத்தால் மொத்தம் 86 ஆகும். எல்லை மீறியே நிற்கும். சீறலை 10 குறைத்தாலோ 81 ஆகிவிடும்!

இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டியே தொடங்குகிறது. உட்செவியின் மயிரணுக்கள் அழிந்தால் மனிதருக்கு அவை மீண்டும் வளர்வதில்லை.

பரிகாரமும் பட்டைக்குப் பட்டை வேறுபடும். 4,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 8.6 செ.மீ.; சில செ.மீ. தடிப்புள்ள கண்ணாடி நார்ப் பலகையே அதை நன்கு உறிஞ்சும். 125 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ 2.7 மீட்டர், மெல்லிய பலகை அதற்குப் பயன்படாது. விசிறியையே திருத்த வேண்டும்.

அதிர்வையும் இவ்வாறே பகுக்கலாம். விசிறியின் தாங்கி மீது முடுக்கமானியைப் பொருத்துங்கள். சக்கரத்தின் எடை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தால் 25 ஹெர்ட்ஸில் அதிர்வு மிகும், அது 31.5 பட்டையில் தெரியும். ஒவ்வொரு பட்டையையும் மேலும் மூன்றாகப் பிரித்தால் 25 ஹெர்ட்ஸ் தனியே புலப்படும். எடையைச் சமன்செய்தபின் மீண்டும் அளந்தால், அந்தப் பட்டையின் அளவு தாழ்ந்திருப்பதை நீங்களே காணலாம்.